மீன் வறுத்த எண்ணெயில் பழனிக்குப் புறப்பட்ட வண்டி

எண்ணெய் காய்ச்சி வண்டி ஓட்டப் புதிதாகக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கு,

எந்தச் சூட்டில் காய்ச்சுவது, காஸ்டிக் எவ்வளவு போடுவது என்று என்னிடம் வந்து கேட்கிறீர்கள். அதெல்லாம் செல்போனிலேயே படம் போட்டுக் காட்டுகிறார்களாம். அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். துணி ரோல் தூக்கிய தோளோடு வந்து சொந்த லாரி வாங்கினேன். டீசல் விலை ஏறி ஏறி எல்லாரும் தலையில் கை வைத்த வருடங்களில், என் கொட்டகையில் நானே காய்ச்சிய எண்ணெயில் வண்டி ஓட்டினேன். அன்றைக்குத் திருப்பூரில் பங்க் பக்கம் போகாமல் ஓடிய லாரி என்னுடையது ஒன்றுதான். இன்னொன்று இருந்தது என்று யாராவது சொன்னால் அவரை என்னிடம் கூட்டி வாருங்கள், பேசிக்கொள்கிறேன்.

இப்போது கிளட்சு மிதித்த முழங்கால் மடங்க மறுக்கிறது. சளைத்துவிட்டேன். பெருமை பேசக்கூட முன்போல மூச்சு இல்லை. அதனால் காய்ச்சும் முறையை விட்டுவிட்டு, காய்ச்சியவன் மாட்டிக்கொண்ட இடங்களை மட்டும் சொல்கிறேன். என்ஜின் மக்கர் செய்தால் மெக்கானிக் வருவார். மனிதர்கள் நடுவில் வண்டி நின்றுபோனால் நீங்கள்தான் இறங்கிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் துணிக்குச் சாயம் ஏற்றும் ஒரு டையிங் ஆலையின் லேப்பில் இருந்தவர். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ரோல் இறக்கப் போகும்போதெல்லாம் என்னோடு நின்று டீ குடிப்பார். பழைய பலகார எண்ணெயில் டீசல் வண்டி ஓடும் என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். பேர் பெற்ற ஒரு சைவ ஓட்டலில் பழைய எண்ணெய் வாங்கி வந்து, அவர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். மறுநாள் பார்த்தால் டிரம் முழுக்கக் களி கிண்டி வைத்த மாதிரி கெட்டியாக நின்றது. அவரைக் கூட்டி வந்து காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குதுங்க அண்ணா," என்றார்.

"அப்ப வண்டிக்கு ஊத்தலாமுங்களா?"

"வண்டியக் கழுவலாமுங்க. இது சோப்பு."

என் சம்சாரம் அதை வைத்துப் பல மாதம் பாத்திரம் விளக்கினாள். அது போகட்டும். அவர் அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "காலையில பூரி, மத்தியானம் அப்பளம், சாயங்காலம் பஜ்ஜின்னு அந்த எண்ணெயைச் சாகடிச்சுட்டுத்தானுங்க உங்களுக்குக் குடுத்திருக்கறாங்க. செத்த எண்ணெயில என்ன வித்தை காட்டினாலும் சோப்புத்தான் வரும். கடையோட போர்டைப் பார்க்காதீங்க. எண்ணெயைப் பாருங்க."

எண்ணெயைப் பார்க்க ஒரு வழியும் சொன்னார். கொஞ்சம் எண்ணெயில் மஞ்சள் கலந்து, காஸ்டிக் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சீக்கிரம் சிவந்தால் நல்ல எண்ணெய். சிவக்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். மஞ்சள் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நல்லூர், அனுப்பர்பாளையம் என்று ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். மந்திரிக்க வந்திருக்கிறேன் என்று ஒரு பேக்கரிக்காரர் நினைத்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவர் எண்ணெயை வாங்கவில்லை.

காஸ்டிக்கோடு எண்ணெயில் கலக்குகிற மெத்தனால் ஸ்பிரிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது விஷம். லைசென்சு உள்ள இடத்தில், முறைப்படி வாங்குங்கள். தெரியாமல் ஒரு வாய் போனால் முதலில் கண் போகும், பிறகு ஆள் போவார். பூட்டி வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஆள் என்று யாரிடமும் கொடுக்காதீர்கள். இதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

மஞ்சள் சோதனையில் ஜெயித்தது ஒரே ஒரு கடை. நல்லூரில் எஸ்தர் என்ற அம்மிணி நடத்திய மெஸ். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு வந்தவர். புருசன் காலமான பிறகு, தையல் மெஷினை விட்டுவிட்டு அடுப்பைப் பிடித்தவர். சுவரில் பைபிள் வசனக் காலண்டர், வாசலில் செருப்புக் குவியல், உள்ளே மத்தியானம் நிற்க இடம் இருக்காது. மீன் வறுவல்தான் அங்கே பேர்போனது. மீன் வறுத்த எண்ணெய் சீக்கிரம் வாடை பிடித்துவிடும் என்பதால் அவர் அதை அடிக்கடி மாற்றிவிடுவார். சைவ ஓட்டலின் எண்ணெய் தார் மாதிரி இருந்தது. இவருடையது தேன் மாதிரி இருந்தது. மஞ்சள் கலந்து காஸ்டிக் தண்ணீர் முதல் சொட்டு விட்டதுமே சிவந்தது.

"மீன் வறுத்த எண்ணெயை எதுக்கு அண்ணாச்சி கேக்கிய? தலைக்குத் தேய்க்கவா?" என்று கேட்டார்.

"வண்டிக்குங்க அம்மிணி."

"வண்டி கடலுக்கா போவுது?"

அப்படித்தான் எங்கள் வியாபாரம் ஆரம்பித்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மெஸ்ஸில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரண்டு அடுப்பு. ஒன்று மீனுக்கு. இன்னொன்றில் வடை, பொரியல், சாம்பார். கரண்டிகள்கூட வேறு வேறு ஆணியில் தொங்கும். மார்கழி, தை மாதங்களில் பழனிக்கு மாலை போட்ட கம்பெனி ஆட்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். "அந்தச் சட்டியில மீன் கரண்டி பட்டுச்சின்னா என் கையை நானே முறிச்சிக்கிடுவேன் அண்ணாச்சி. நோன்பு யாருக்கு இருந்தாலும் நோன்புதானே," என்பார். நான் காலி டின்னோடு நேரம் காலம் இல்லாமல் பின்வாசலில் போய் நின்றவன். ஒருநாள்கூடக் கரண்டி மாறிப் பார்த்ததில்லை.

எனக்கு அன்று நிலையான லோடு கொடுத்தது ஒரே ஒரு வீடு. பரம்பரையாகத் தறி நெய்து, பிறகு பனியன் கம்பெனி வைத்து முன்னுக்கு வந்த குடும்பம். நிட்டிங்கில் ஏற்றி டையிங்கில் இறக்கி, டையிங்கில் ஏற்றி கம்பெனியில் இறக்கி, அவர்கள் ரோல் முழுக்க என் வண்டியில்தான் போகும். மற்ற லோடெல்லாம் கிடைத்தால் உண்டு. என் சோறு அந்த வீட்டு லோடு. பெரிய முதலாளி அதிகம் பேச மாட்டார். பேசினால் மாற்ற மாட்டார்.

புது எண்ணெய் ஊற்றிய ஆரம்பத்தில், அவர் வீட்டு ரோலோடு வண்டி ரயில்வே மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ் பஸ்ஸாக ஹாரன். நம் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கையெல்லாம் கழுவிக் கொண்டுபோய் ஃபில்டரில் அடைத்துவிடும். புது மருமகள் வீட்டைக் கூட்ட, குப்பையெல்லாம் கூடத்தில் வந்து நிற்கிற மாதிரி. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. செல்ஃபை அடித்து அடித்து பேட்டரியைத் தீர்க்காமல், முதலில் டயருக்குக் கல் வைத்தேன். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு, வண்டி நின்றுவிட்டது, என் எண்ணெயால்தான் இருக்கும், ரோல் தாமதமாகும் என்று சொன்னேன். "வண்டின்னா நிக்கத்தானுங்க செய்யும். பாத்து வாங்க," என்று வைத்துவிட்டார். கெட்ட செய்தியை முதல் ஆளாக நீங்களே சொல்லுங்கள். அடுத்த ஆள் சொன்னால் அதற்குக் காலும் கையும் முளைத்துவிடும்.

இனி பழனி விஷயம்.

அந்த வீட்டார் வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பார்கள். குடும்பத்தாரும் கம்பெனி ஆட்களுமாகப் பெரிய கூட்டம். அண்டா, குண்டான், அரிசி, பாய், காவடி எல்லாம் என் வண்டியில். நான் முன்னால் போய் அடுத்த இடத்தில் இறக்கி வைப்பேன். சமையல் ஆகும். அவர்கள் நடந்து வந்து சாப்பிடுவார்கள். இதற்கு நான் வாடகை வாங்கியதில்லை. முருகனுக்கு என் பங்கு என்று வைத்திருந்தேன். அந்த வண்டி போகாத பாதயாத்திரையை அந்த வீட்டார் பார்த்ததில்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

அந்த வருடம் டேங்கில் முழுக்க நம் எண்ணெய். அந்தப் புகையில் டீசல் நாற்றம் இருக்காது, பலகாரம் சுடுகிற வாசம் வரும். ஒரு வேளைச் சாப்பாட்டோடு வெறுங்காலில் நடக்கிறவர்களுக்கு அந்த வாசம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். நான் தாண்டிப் போகும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவர்களில் கட்டிங் மாஸ்டர் ஒருத்தர் வாய்த்துடுக்கானவர்.

"சாமி, வண்டிய மெதுவா உடுங்க. உங்க பொகையிலயே பாதி வவுறு ரொம்பிருதுங்க," என்று கத்துவார்.

"சட்னி வேணுமுங்களா சாமி?" என்று நானும் கத்திவிட்டுப் போவேன்.

கணியூரில், முதலாளியின் உறவினர் தென்னந்தோப்பில் மத்தியானச் சாப்பாடு. எல்லாரும் வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இலை போட ஆரம்பித்திருந்தது. கட்டிங் மாஸ்டர்தான் பேச்சை எடுத்தார்.

"ஏனுங்க குப்பண்ணா, நெசமாலுமே பலகார எண்ணெயிலதான் ஓட்டறீங்களா? இல்ல, எங்களை வெச்சுத் தமாசு பண்றீங்களா?"

கேட்டால் விடுவேனா. டையிங் லேப் முதல் மஞ்சள் சோதனை வரை நின்றுகொண்டே சொன்னேன். இஞ்சினீயர்களே என் கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதைச் சொன்னேன். ஒருவர்தான் வந்தார். கூட்டம் வாய் பிளந்து கேட்டது. முதலாளியின் மருமகன் செந்தில்கூட, இலையை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல படிப்பு, கம்பெனிக் கணக்கெல்லாம் அப்போது அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது. அவருடைய அண்ணன் வாடகைக்கு வேன் விட்டிருந்தார். அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனாலும் அவர் பக்தியில் பொய் இல்லை. கால் முழுக்கக் கொப்புளத்தோடு நடந்து வந்த ஆள்.

முதலாளியின் சம்சாரம் சாம்பார் வாளியோடு வந்தவர், நடுவில் நின்று சாதாரணமாகக் கேட்டார்.

"பலகாரஞ் சுட்ட எண்ணெயிங்களா, கவிச்சி வறுத்த எண்ணெயிங்களா?"

சாம்பார் எடுத்த கரண்டி இலைக்கு மேலேயே நின்றது.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் பதில் சொல்ல நமக்குக் கிடைப்பது ஒரு எச்சில் விழுங்குகிற நேரம்தான். சைவ ஓட்டலின் பெயர் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் சாம்பார் அடுத்த இலைக்குப் போயிருக்கும். ஆனால் எதிரே இருப்பவர்கள் வெறுங்காலோடு வந்தவர்கள். நான் செருப்புப் போட்டவன். அவர்களுடைய விரதத்தைப் பற்றி அவர்கள் கேட்கும்போது என் வசதிக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பக்திக் கணக்கு வேண்டாம் என்றால் தொழில் கணக்காகவே பாருங்கள். பொய்யை ஒருமுறை டேங்கில் ஊற்றிவிட்டால், ஒவ்வொரு நாளும் அதிலேயே ஓட்ட வேண்டும்.

"மீன் வறுத்த எண்ணெயிங்க," என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். திட்டவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அந்த வண்டியில வந்த அரிசியத்தானுங்களே பொங்கியிருக்குது," என்றார் ஒருவர்.

"அரிசி மேலயிருக்குது, எண்ணெய் டேங்க்குல இருக்குது. ரெண்டும் எங்கீங்க சேந்துச்சு?" என்றார் கட்டிங் மாஸ்டர். "அப்படிப் பாத்தா நம்ம நெத்தியில இருக்கற திருநீறு சாணிதானுங்க. எரிஞ்சா எல்லாம் சுத்தம்."

"சாணியும் மீனும் ஒண்ணுங்களா சாமி? பேசறதைப் பாத்துப் பேசுங்க."

"எண்ணெய் பாமாயிலுங்க. மீன் அதுல குளிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு." கட்டிங் மாஸ்டர் விடவில்லை.

யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததற்காக "முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் நாக்கு நுனியில் இன்னொன்று வந்து நின்றது. இத்தனை வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறவன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லையே, வண்டி வயிற்றில் இருப்பதை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்று. கிளம்புவதற்கு முதல் நாள்கூட எஸ்தர் மெஸ்ஸில் வாளை மீன் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன். நல்ல கேள்விதான். தோப்பே வாயடைத்துப் போயிருக்கும். அதனால்தான் விழுங்கினேன். எதிராளியை வாயடைக்க வைக்கிற பேச்சு உங்களுக்கும் வரும், முக்கியமாக நீங்கள் கெட்டிக்காரர்களாக இருந்தால். விரதத்தில் இருப்பவர் மனசு கலங்கி நிற்கும்போது, அவரைத் தோற்கடித்த பெருமையை நாம் எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதலாளி இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க, குப்பண்ணா," என்றார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க. இப்பக் கேட்டீங்க, சொல்லிட்டனுங்க."

"அது வாஸ்தவம்." இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "மடத்துக்குளத்துல பங்க் இருக்குது. டேங்க்கைக் காலி பண்ணிட்டு டீசல் ஊத்திக்கிட்டு வாங்க. முருகன் ஏத்துக்குவான்."

என் உயிர் திரும்பி வந்தது. வண்டிப் பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டேன். அப்போது செந்தில் கேட்டார்.

"எந்தக் கடை எண்ணெயிங்க, அண்ணா?"

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே மாலையோடு உட்கார்ந்திருந்த கம்பெனி ஆட்களில் பாதிப் பேர் விரத நாளெல்லாம் எஸ்தர் மெஸ்ஸில் வடையும் சாம்பாரும் சாப்பிட்டவர்கள். நான் அந்தப் பேரைச் சொன்ன அடுத்த நிமிடம், அவர்கள் தின்ற ஒவ்வொரு வடையும் மீன் சட்டியில் வெந்ததாகிவிடும். இரண்டு அடுப்பு, இரண்டு ஆணி என்று நான் அங்கே நின்று சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்? மீன் எண்ணெயைச் சொல்லாமல் வண்டியில் ஊற்றியவன்தானே நான். திருப்பூருக்குத் திரும்பியதும் அந்த மெஸ்ஸின் வாசலில் செருப்பு இருக்காது. என் லோடு போனால் எனக்கு இன்னொரு லோடு கிடைக்கும், தோள் இருக்கிறது. அந்த அம்மிணிக்கு அடுப்பைத் தவிர என்ன இருக்கிறது?

"கடைப் பேரைச் சொல்றதுக்கில்லீங்க," என்றேன்.

"சொன்னா என்னங்க? நம்ம ஆளுங்க எங்கெங்கயோ சாப்புடறாங்க. தெரிஞ்சுக்கணுமில்லீங்களா?"

"என்ர வண்டிக்கு நான் பதில் சொல்லிட்டனுங்க. அடுத்தவங்க கடைக்கு நான் பதில் சொல்றதுக்கில்லீங்க."

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அதைவிடக் கஷ்டமான பார்வை.

"எங்கிட்டயுமாங்க?"

"உங்ககிட்டயுந்தானுங்க சாமி."

"பேரைச் சொல்லீட்டா இதோட முடிஞ்சுதுங்க. நான் ஆர்கிட்டயும் ஒண்ணுங் கேக்கமாட்டேன்."

அவர் கேட்க மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால் தோப்பில் அத்தனை காதுகள் இருந்தன. அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று பின்னால் என் சம்சாரம் கேட்டாள். ஒதுங்கிப் போய்க் காதில் சொல்கிற பேர்தான் தம்பிகளே, ஊருக்கு முதலில் போய்ச் சேரும். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப நம்பிக்கை எப்படீங்க வரும்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, அவர் செந்திலைப் பார்த்தார். செந்தில் எழுந்துபோய் அவர் அண்ணனுக்குப் போன் செய்தார்.

அண்டாவும் குண்டானும் புல்லில் இறங்கின. நானே இறக்கினேன். வேறு யாரும் தூக்கினால் நசுங்கும், எனக்குத்தான் பிடி தெரியும். காவடியை மட்டும் கட்டிங் மாஸ்டர் வந்து வாங்கிக்கொண்டார். "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம நானுங்க குப்பண்ணா இந்தப் பேச்சை எடுத்துட்டேன்," என்றார். "புகை சொல்லீருச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க," என்றேன். முதலாளியின் சம்சாரம், "ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க, வெறும் வவுத்தோட போகாதீங்க," என்றார். பசி இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காலி லாரியை எதிர்த்திசையில் ஓட்டி வந்தேன். வழி முழுக்க மற்ற ஊர்க் கூட்டங்கள் அரோகரா சொல்லிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தன. வண்டியைப் பார்த்துக் கை காட்டினார்கள். பழனியிலிருந்து திரும்பும் வண்டி என்று நினைத்திருப்பார்கள்.

தைப்பூசம் முடிந்தது. அந்த வீட்டிலிருந்து யாரும் என்னிடம் வராதே என்று சொல்லவில்லை. போன் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் காங்கேயம் ரோட்டில் அவர்கள் ரோலை ஏற்றிக்கொண்டு செந்திலின் அண்ணன் வேன் போவதைப் பார்த்தேன். ரோலை நிமிர்த்தி அடுக்கியிருந்தார்கள். படுக்கப் போட வேண்டும், இல்லையென்றால் ஓரம் மடங்கும். வண்டியை நிறுத்திச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

சில்லறை லோடு தேடி அலைய ஆரம்பித்தேன். அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் ஏற்றினேன், செங்கல் ஏற்றினேன், வீடு மாற்றுகிறவர்களின் கட்டில் பீரோ ஏற்றினேன். ரோல் தூக்கிப் பழகிய கைக்கு அதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஒரு களைப்பு. அது லோடு தூக்குகிற களைப்பு மாதிரி தூங்கினால் தீராது. அந்த நாட்களில் சொந்த எண்ணெய்தான் என்னைக் காப்பாற்றியது. கிடைக்கிற கொஞ்ச வாடகையும் பங்க்குக்குப் போகாமல் கையில் நின்றது.

எஸ்தரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் இயல்பாகப் பேச முடியாது. மீன் துண்டைப் பெரியதாக வைப்பார், எண்ணெய்க்குக் காசு வேண்டாம் என்பார், எனக்கும் தின்னப் பிடிக்காது. மெஸ் வாசலில் செருப்புக் குவியல் அப்படியே இருந்தது. கட்டிங் மாஸ்டரைக்கூட ஒருநாள் அங்கே பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். என்னையும் என் கையிலிருந்த டின்னையும் அடுப்பங்கரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்துக் குனிந்து, இன்னொரு வடை கேட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கேயும் வாய் திறக்கவில்லை. வாய்த்துடுக்கானவர்கள் எல்லாரும் ரகசியம் தாங்காதவர்கள் என்று நினைக்காதீர்கள்.

வெயில் காலம் வந்தது. வழக்கம்போல ஒருநாள் மத்தியானப் பந்திக்கு முன்னால் டின்னோடு போனேன். எண்ணெய் வைக்கிற மூலையில் புது நீல டிரம் ஒன்று மூடியோடு இருந்தது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய," என்று எஸ்தர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "கோயமுத்தூர்லேருந்து ஒரு ஏஜென்ட் வந்தாரு. பாய்லருக்கோ எதுக்கோ எடுக்காவளாம். நீங்க குடுக்கிறதைவிடக் கூடக் குடுக்காரு. மாசம் பூரா எண்ணெய் அவருக்குன்னு பேசி டிரம்மையும் வச்சிட்டுப் போயிட்டாரு."

நான் டின்னைக் கீழே வைத்தேன்.

"மொதல்ல உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னுதான் இருந்தேன். பெரியவளைக் காலேஜில சேக்கணும்லா. அதான் சரின்னுட்டேன்."

"நல்லதுங்க அம்மிணி. சேத்துங்க."

"மனசுல வச்சிக்கிடாதீய, என்ன? உங்களுக்கென்ன அண்ணாச்சி, பெரிய வீட்டு லோடு கையில இருக்கு. பங்க்ல ஊத்துனாலும் கட்டும். எனக்கு அப்படியா?"

அவர் முகத்தில் நிஜமான சங்கடம் இருந்தது. அந்த லோடு இப்போது இல்லை என்று நான் சொல்லியிருந்தால், அப்புறம் ஏன், எப்போது என்று கேட்டிருப்பார். கணியூர் வரை போயிருக்கும் பேச்சு.

"ஆமாங்க, அதுக்கென்ன கொறை," என்றேன்.

"அதானே. உக்காருங்க, சாளை வறுத்திருக்கேன். சாப்பிடாமப் போகக்கூடாது."

உட்கார்ந்து சாப்பிட்டேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. கையைக் கழுவிவிட்டு, காலி டின்களை வண்டியில் போட்டுக்கொண்டு பங்க்குக்குப் போனேன். ரொம்ப நாள் கழித்து வந்த வண்டியைப் பார்த்து, டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று பங்க்கில் இருந்த ஆள் கேட்டார். இறங்கிக் காட்டினேன்.